அறுவை முடிந்த பின் அடுக்களை தொடங்குகிறது

நாக்பூரில் பணியாற்றும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தபோது, அவருடைய துணைவியாருக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. 118 கிலோவாக இருந்தவர் 104 கிலோவுக்கு வந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவரை வாழ்த்திக்கொண்டிருந்தனர். அவர் முன்னிருந்த சிறு மேசையில் ஒரு கோப்பைத் தேநீரும், அதில் தோய்த்து உண்பதற்கு இரண்டு பிஸ்கட்டுகளும் இருந்தன. பத்து நாட்களாக அவர் உட்கொண்டதெல்லாம் ஏறத்தாழ அவ்வளவுதான். வேறு எதை உண்டாலும் வாந்தி. "அதனால் என்ன, எடை இன்னும் விரைவாகக் குறையும் அல்லவா?" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

சிரிக்காதவர் அந்த வீட்டில் ஒருவர்தான். ஆயி என்று எல்லோரும் அழைக்கும் மாமியார். "கர்ப்பிணி பத்து நாள் வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். இவள் வாந்தி எடுத்தால் மட்டும் எல்லோரும் கைதட்டுகிறீர்களே" என்றார். மறுநாளே மருமகளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. அங்கே முதலில் ஏற்றப்பட்டது குளுக்கோஸ் அன்று. தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஊசி. ஏன் அப்படி என்பதைப் பின்னர் விளக்குவோம். அந்த ஒரு நாள் தாமதமாகியிருந்தால் கூட விளைவு வேறாக இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக நண்பர் பிறகு தொலைபேசியில் தெரிவித்தார். இக்கட்டுரையை எழுத வேண்டும் என்று நமக்குத் தோன்றியது அப்போதுதான்.

2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 24 விழுக்காட்டினரும் ஆண்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. ஆனால் உடற்பருமனோடு சர்க்கரை நோய், உறக்கத்தில் மூச்சுத் தடை, இதய நோய் ஆகியன சேர்ந்து, உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மருந்தும் பயன் தராதபோது, மருத்துவர்கள் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர். பெருநகரங்களில் மட்டுமன்றி இரண்டாம் நிலை நகரங்களிலும் இப்போது இது நடைபெறுகிறது. சிகிச்சையைப் பற்றி விளம்பரப் பலகைகள் நிறையப் பேசுகின்றன. அதன் பிறகு வரும் ஆறு மாதங்களில் என்ன உண்பது, எப்படி உண்பது என்பதைப் பற்றித்தான் போதிய பேச்சு இல்லை.

உள்ளே என்ன மாறியிருக்கிறது?

நம் நாட்டில் மிகுதியாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழ வடிவிலான ஒரு குறுகிய குழாய். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளளவுள்ள ஒரு சிறு பை உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் கடந்துவிடுவதால், அங்கே உறிஞ்சப்பட வேண்டிய இரும்பும் கால்சியமும் பிற நுண்சத்துகளும் குறைவாகவே உடலில் சேர்கின்றன.

இரு முறைகளிலும் பசியைத் தூண்டும் ஹார்மோன்களின் அளவு மாறுகிறது. முதல் சில மாதங்களில் பலருக்குப் பசியே தோன்றுவதில்லை. இது வரமாகத் தோன்றினாலும் ஒருவகையில் சோதனைதான். பசித்தால் உண்ணலாம் என்று காத்திருப்பவர் நாள் முழுதும் உண்ணாமலேயே இருந்துவிடுவார். ஆகவே இம்மாதங்களில் உணவு வேளையைக் கடிகாரம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வாரங்களும் பதங்களும்

பயிற்சி உண்மையில் சிகிச்சைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டு வாரங்களுக்கு மாவுச்சத்தையும் கொழுப்பையும் வெகுவாகக் குறைத்த உணவைப் பல மருத்துவமனைகள் விதிக்கின்றன. கல்லீரலில் படிந்துள்ள கொழுப்பு குறைந்து அது சுருங்கினால், அதன் அடியில் மறைந்திருக்கும் இரைப்பையை அறுவை மருத்துவர் எளிதில் அணுக முடியும். "இனிமேல்தான் சாப்பிட முடியாதே" என்று சிகிச்சைக்கு முந்தைய வாரம் விருந்து வைத்துக்கொள்வோர் உண்டு. தம்முடைய அறுவையைத் தாமே கடினமாக்கிக்கொள்கிறோம் என்பதை அவர்கள் அறிவதில்லை.

சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஓரிரு நாட்களில் தெளிந்த நீர்மங்கள் மட்டுமே. இருமல் மருந்துக் குப்பியோடு வரும் அளவு மூடியை நினைவிற்கொள்ளுங்கள். அதில் 30 மி.லி. நிரப்பி, பதினைந்து நிமிடங்களில் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். வெறும் தண்ணீர், வடிகட்டிய காய்கறி ரசம், பாசிப்பருப்பு வேகவைத்து இறுத்த நீர், வெண்ணெய் எடுத்து நீர் விளாவிய மோர் ஆகியன ஏற்றவை. உறிஞ்சுகுழலைப் பயன்படுத்தினால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். அதைத் தவிர்ப்பது நலம். சோடா கலந்த பானங்களுக்கும் இதே விதி.

அடுத்த இரண்டு வாரங்களுக்குக் கொழுப்பு நீக்கிய பால், மோர், நன்கு கரைத்து வடிகட்டிய பருப்பு, மருத்துவர் குறிப்பிட்ட புரதப் பொடி என்று முழு நீர்ம உணவு. சிலருக்கு இச்சிகிச்சைக்குப் பின் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும். அவர்கள் தயிருக்கோ மோருக்கோ மாறிக்கொள்ளலாம்.

மூன்று, நான்காம் வாரங்களில் மசித்த உணவு. இங்கேதான் நம் நாட்டுச் சமையலின் அருமை தெரிகிறது. மராட்டிய வீடுகளில் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, சிறிது மஞ்சளும் உப்பும் சேர்த்துச் செய்யும் 'வரண்' இதற்கென்றே ஏற்பட்டதுபோல் இருக்கிறது. வங்காளத்து மசித்த மீன், குஜராத்தி வீட்டுக் கடி, நம் வீட்டுப் பருப்புக் கடையல், கட்டித் தயிர், குழைவாகக் கிளறிய முட்டை ஆகிய எல்லாவற்றிற்கும் இதில் இடமுண்டு. மிக்ஸியில் அரைத்தால் கைக்குழந்தையின் உணவுபோல ஆகிவிடுகிறதே என்று மனம் சோர்பவர்கள் அதில் சீரகப்பொடியோ மல்லித்தழைச் சாறோ சிறிது சேர்த்துக்கொள்ளலாம். நாவுக்குச் சுவை வேண்டும், காரம்தான் வேண்டாம். அளவு ஒரு வேளைக்கு மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி. ஒரு நாளில் ஐந்தாறு வேளைகள்.

ஐந்தாம் வாரத்திலிருந்து மென்மையான திட உணவு. அரிசியைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டிச் செய்த கிச்சடி, கையால் உதிர்த்த பனீர், ஆவியில் வெந்த மீன், குழைந்த சுரைக்காய், பருப்பில் ஊறிய பாதி இட்லி. இவ்வேளையில் பலரை இடர்ப்படுத்துவன சப்பாத்தியும் ரொட்டியும் கெட்டியான சோறும்தான். வாயில் மென்மையாகத் தோன்றும் இவை உள்ளே பசைபோல் திரண்டு, குறுகிய வழியில் நின்றுவிடுகின்றன. கோதுமை ரொட்டியே உணவு என்று வளர்ந்த வட இந்தியருக்கு இது பெரிய இழப்புதான். இரண்டு மாதங்களுக்குப் பின், மெல்லிய புல்காவை விரல்நுனி அளவு துண்டுகளாக்கி மென்று பார்க்கலாம். பச்சைக் காய்கறியும், தோலுடன் கூடிய பழங்களும், நார் மிகுந்த இறைச்சியும் அதற்கும் பின்னரே.

இந்த வாரக் கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். உங்கள் மருத்துவரும் உணவியல் நிபுணரும் எழுதிக் கொடுத்த தாள் ஒன்று இருக்குமாயின், இக்கட்டுரையைக் காட்டிலும் அதுவே மேலானது.

உண்ணும் முறையையும் சொல்ல வேண்டும். ஒரு வேளை உணவுக்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். பெரிய கரண்டியை ஒதுக்கிவிட்டுத் தேக்கரண்டியில் உண்ணுதல் உதவும். 'போதும்' என்பதை இப்புதிய இரைப்பை வயிறு நிறைந்து சொல்வதில்லை. திடீரென்று ஒரு விக்கல், மூக்கில் நீர் வடிதல், நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம் எனச் சைகையால் சொல்லும். அதற்கு மேல் ஒரு வாய் உண்டால் அது வெளியே வந்துவிடும். தட்டில் மீதம் வைக்கக் கூடாது என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்த நமக்கு, அந்தக் கடைசி வாயை விட்டுவிடுதல் எளிதன்று. முதலிலேயே குறைவாகப் பரிமாறிக்கொள்வதுதான் வழி.

புரதக் கணக்கு

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்குக் கணக்கு புதிதன்று. இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

சிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான பரிந்துரை; பலருக்கு 80 கிராம் வரை தேவைப்படும். உணவு வெகுவாகக் குறைந்துவிட்ட நிலையில் புரதமும் குறைந்தால், உடல் கொழுப்போடு தசையையும் சேர்த்தே கரைக்கத் தொடங்கும். எடை இயந்திரத்திற்கு இரண்டும் ஒன்றே. மாடிப்படி ஏறும் கால்களுக்கு ஒன்றல்ல.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. 200 மி.லி. பாலில் 6 கிராம். 50 கிராம் பனீரில் 9 கிராம் அளவில். 30 கிராம் பருப்பை வேகவைத்தால் 7 கிராம். 100 கிராம் தயிரில் 3 கிராம். சைவ உணவினர் ஒருவர் நாளொன்றுக்கு 400 மி.லி. பால், 50 கிராம் பனீர், இரு வேளையாக 60 கிராம் பருப்பு, 150 கிராம் தயிர் எல்லாம் எடுத்துக்கொண்டாலும் 40 கிராமை ஒட்டித்தான் வருகிறது. இவ்வளவையும் முதல் மூன்று மாதங்களில் அந்தச் சிறு இரைப்பைக்குள் அடக்குவதே கடினம். மீதம் 20 கிராமுக்கு எங்கே போவது? 20 கிராம் சோயா உருண்டைகளை ஊறவைத்து அரைத்துச் சேர்த்தால் ஏறத்தாழ 10 கிராம் கிடைக்கும். எஞ்சியதற்கு மோர்ப்புரதப் பொடி என்கிற 'வே' புரதமே கை கொடுக்கும். முட்டையும் மீனும் கோழியும் உண்பவர்களுக்குக் கணக்கு சற்று எளிதாக நேர்ப்படும். பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் புகழ்பெற்ற 'சத்து' எனும் வறுத்த கடலை மாவை மோரில் கரைத்துக் குடிப்பதும் நல்லதே. ஆயினும் அதில் ஐந்தில் ஒரு பங்கே புரதம். அதனால் துணையாகலாமேயன்றி முழு விடையாகாது.

புரதப் பொடி வாங்கும்போது டப்பாவின் முன்புறப் படத்தைப் பார்க்காமல் பின்புற அட்டவணையைப் படியுங்கள். ஓர் அளவைக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்பதே கேள்வி. பாலில் கலந்து குடிக்கும் மால்ட் பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிகுதி, புரதம் சொற்பம். 'ஹெல்த் டிரிங்க்' என்றொரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. அப்பெயரின் கீழ் இத்தகைய பானங்களை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியதும் அதனால்தான்.

தட்டில் முதலில் உண்ண வேண்டியது புரதம், அடுத்துக் காய்கறி, இடமிருந்தால் சோறோ ரொட்டியோ. தலைகீழாகப் பழகிய கைக்கு இது முதல் சில வாரங்கள் உறுத்தும்.

தண்ணீர் தனியே

நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர் வேண்டும். ஆனால் உணவோடு சேர்த்துப் பருகலாகாது. உண்பதற்கு அரை மணி நேரம் முன்பும் உண்ட பின் அரை மணி நேரமும் நீருக்கு ஓய்வு. ஒரே மூச்சில் ஒரு சொம்பு நீர் அருந்தும் பழக்கமும் இனி இல்லை. ஆக, இரண்டு லிட்டரை மிடறு மிடறாக நாள் முழுதும் பரப்பியாக வேண்டும். நாக்பூரில் கோடையின் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். அங்கே இது விளையாட்டன்று. சிகிச்சை பெற்றவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர நேரும் காரணங்களுள் நீரிழப்பு முதன்மையானவற்றுள் ஒன்று. நண்பரின் வீட்டில் அரை லிட்டர்ப் புட்டிகள் நான்கை ஒவ்வொரு காலையும் நிரப்பி வரிசையாக வைத்துவிடுகிறார்கள். மாலையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது ஆயியின் வேலை.

தயமினும் பிற மாத்திரைகளும்

தொடக்கத்தில் சொன்ன ஊசிக்கு வருவோம். நம் உடலில் தயமின் கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. உணவு குறைந்து, வாந்தியும் தொடர்ந்தால், அது விரைவில் தீர்ந்துவிடும். அப்போது பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றலாம். அதற்கும் மேலே போனால் பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியன வரும். இது மூளையைத் தாக்கும் நிலை. காலம் தாழ்த்தினால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படக் கூடும். தயமின் குறைந்த உடலில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் நிலைமை மேலும் மோசமாகும். இச்சிகிச்சை பற்றி அறியாத ஒரு சிறு மருத்துவமனைக்கு வாந்தியோடு போகும் நோயாளிக்கு முதலில் ஏற்றப்படுவது பெரும்பாலும் குளுக்கோஸ்தான். எங்கே சென்றாலும் "எனக்கு எடைக்குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, இத்தனை நாட்களாக வாந்தி" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஓரிரு நாட்களுக்கு மேல் நீடிக்கும் எந்த வாந்தியையும் 'எடை குறைகிறது' என்ற கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

பி12 வேறு வகை. அது உடலில் சேர்வதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் தேவை. இரைப்பை குறைந்ததும் அதுவும் குறைகிறது. ஆனால் கல்லீரலில் நெடுநாள் சேமிப்பு இருப்பதால் பற்றாக்குறை மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். இந்தியச் சைவ உணவினருள் பலர் தொடக்கத்திலேயே குறைந்த இருப்போடுதான் இருக்கிறார்கள். இதற்கு மாத்திரையோ மாதம் ஒருமுறை ஊசியோ வாழ்நாள் முழுதும் தேவைப்படலாம்.

கால்சியம் நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கால்சியம் கார்பனேட், செரிப்பதற்கு அமிலத்தை எதிர்பார்க்கும். அமிலம் குறைந்த இரைப்பைக்குக் கால்சியம் சிட்ரேட்டே ஏற்றது. ஒரே வேளையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடல் ஏற்பதில்லை என்பதால் பிரித்து உட்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும். இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். தேநீரும் காபியும் இரும்பின் பகைவர்கள். மாதவிடாய் தொடரும் பெண்களுக்கு இரும்பின் தேவை ஆண்களுக்குரியதைப் போல இரண்டு மூன்று மடங்கு. இவற்றோடு வைட்டமின் டி, ஃபோலிக் அமிலம், பல்சத்து மாத்திரை ஒன்று. அளவுகளை இரத்தப் பரிசோதனையைக் கொண்டு மருத்துவரே முடிவு செய்வார். முதல் ஆண்டில் 3, 6, 12ஆம் மாதங்களில் பரிசோதனை. அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறை, என்றென்றும்.

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொத்துக் கொத்தாக உதிர்வது பலரை அழவைக்கிறது. வேகமான எடை இழப்புக்கு உடல் காட்டும் எதிர்வினை அது; புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். விலையுயர்ந்த எண்ணெய்களுக்குச் செலவிடும் பணத்தைப் பனீருக்குச் செலவிடலாம் என்பது நம் எண்ணம்.

பழைய மருந்துகளையும் மறக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கான இன்சுலினும் மாத்திரைகளும் சிகிச்சைக்குப் பின் சில நாட்களிலேயே அளவு குறைக்கப்பட வேண்டியிருக்கும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பைபாஸ் செய்துகொண்டவர்கள் மூட்டுவலிக்கென்று ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தாமாக வாங்கி விழுங்கினால் இணைப்பு வாயில் புண் ஏற்படக் கூடும். மதுவும் இவர்களுக்கு முன்னைவிட விரைவாகத் தலைக்கேறும். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை பொறுத்திருக்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர்.

பண்டிகையும் விரதமும் பந்தியும்

மருத்துவமனைத் தாளில் எழுதப்படாத பகுதி இது. ஹோலிக்குப் பூரண போளி, சங்கராந்திக்கு எள்ளுருண்டை, யாராவது ஊரிலிருந்து வந்தால் நாக்பூருக்கே உரிய ஆரஞ்சு பர்பி. சிறிய இரைப்பையிலிருந்து, அதுவும் பைபாஸ் செய்தவருக்கு, இனிப்பு மிக வேகமாகக் குடலுக்குள் பாய்ந்துவிடுகிறது. கால் மணி, அரை மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றுப்போக்கும் வரும். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை சட்டென இறங்கி மயக்கமும் வரலாம். இதை ஒருமுறை பட்டவர் மறுமுறை இனிப்பைத் தொட அஞ்சுவார்.

அதைவிடத் தந்திரமானவை அஞ்ச வைக்காத பண்டங்கள். மிக்ஸர், சேவு, அவல் சிவடா, பிஸ்கட், ஐஸ்கிரீம் ஆகியன வாயிலேயே கரைந்து, வழியில் எங்கும் நிற்காமல் இறங்கிவிடும். முட்டையும் பனீரும் இரண்டு வாயிலேயே 'போதும்' என்று சொல்லவைக்கும். சிவடாவோ ஒரு தொலைக்காட்சித் தொடர் முடியும் வரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டாம் ஆண்டுக்குப் பின் எடை மீண்டும் ஏறுவோரின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நம் நண்பரின் துணைவியார் தேநீரும் பிஸ்கட்டும் மட்டுமே 'தங்குகிறது' என்று சொன்னதன் பொருளும் இதுதான்.

விரதங்களை என்ன செய்வது? ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் மராட்டிய வீடுகளில் ஜவ்வரிசிக் கிச்சடி உண்பது வழக்கம். ஜவ்வரிசி ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்து. புரதம் இல்லையென்றே சொல்லலாம். ஒன்பது நாள் அதை உண்பவர் ஒன்பது நாள் புரதமின்றி இருக்கிறார். பாலும் தயிரும் பனீரும் விரதத்தில் விலக்கப்படாதவை என்பதை எடுத்துக்காட்டி, ஆயி இவ்வாண்டு அவ்வீட்டு விரத உணவையே மாற்றியமைத்துவிட்டார். தண்ணீரும் அருந்தாத நோன்புகளைப் பொறுத்தவரை முதல் ஆண்டிலேனும் மருத்துவரைக் கேளாமல் மேற்கொள்ளல் தகாது. எம்மதத்தினருக்கும் இது பொருந்தும்.

உறவினர் இல்லங்களில் "ஒரு வாய்தானே" என்னும் வற்புறுத்தலுக்கு நம்மிடம் நல்ல விடை இல்லை. நண்பரின் துணைவியார் அழைப்பு வரும்போதே தொலைபேசியில் சொல்லிவிடுகிறாராம்: "கட்டாயம் வருகிறேன். எனக்கு ஒரு சிறு கிண்ணம் தயிர் மட்டும் எடுத்து வையுங்கள்." கேட்டது கிடைத்த மகிழ்ச்சி விருந்தளிப்பவருக்கும் இருக்கிறது.

செலவுக் கணக்கு

சிகிச்சைக்குச் சில இலட்சங்கள் ஆகும் என்பதை அறிந்தே பலர் காப்பீட்டை நாடுகின்றனர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்குகளின்படி, உடற்பருமன் சிகிச்சை சில நிபந்தனைகள் நிறைவேறினால் ஏற்கப்படலாம். மருத்துவரின் பரிந்துரை வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். உடல் நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோய், கடுமையான உறக்க மூச்சுத் தடை, இதய நோய் போன்றவை இருந்து, பிற வழிகள் பயனளிக்காத நிலையில் குறியீடு 35 போதும். ஏற்கெனவே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்கள். உங்கள் பாலிசி ஆவணத்தில் இவை எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே படியுங்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது அதே விலக்குப் பட்டியலில் உள்ள மற்றொரு வரியை. மருத்துவமனையில் தங்கிய சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதித் தந்தவை தவிர, வைட்டமின், தாதுச்சத்து, உணவுத் துணைப்பொருள்களுக்குக் காப்பீடு கிடையாது. வீடு திரும்பிய பின் வரும் செலவுகளைப் பாலிசிகள் குறிப்பிட்ட நாட்களுக்கு, பெரும்பாலும் 60 அல்லது 90 நாட்களுக்கு, ஏற்கின்றன. ஆக, நான்காம் மாதத்திலிருந்து புரதப் பொடி, கால்சியம் சிட்ரேட், பி12, இரத்தப் பரிசோதனை எல்லாம் கைப்பணம்தான். மருத்துவமனையின் தொகுப்புக் கட்டணத்தில் உணவியல் நிபுணரின் ஆலோசனை எத்தனை மாதங்களுக்கு அடங்கும் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சிகிச்சைக்குச் சேர்த்த பணத்தில் இரண்டு ஆண்டுகளின் மாத்திரைச் செலவைத் தனியே ஒதுக்கி வைப்பதும், அல்லது மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்பாகச் சேர்த்து வருவதும், பணம் குறைந்த மாதத்தில் முதலில் நின்றுபோவது மாத்திரையாகாமல் காக்கும்.

அண்மையில் மீண்டும் நாக்பூர் சென்றிருந்தோம். எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. எடை 83 கிலோ. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், எந்த மாத்திரை எந்த நேரம் என்று மராத்தியில் ஆயி எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஓராண்டுப் பரிசோதனை ஒரு பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் வருகிறதாம். பண்டிகை முடிந்த பின் போகலாமே என்று மருமகள் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஆயி ஒப்புக்கொள்ளவில்லை.